அத்தானின் தளபதிகள்

என் கணவரின் அண்ணாவுக்கு, நான் அத்தான் என்று கூப்பிடும் மனிதருக்கு, ஸ்பெயின் என்றால் உயிர். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், லின்ஃபீல்ட் என்ற புறநகரில் இருக்கும் அவருடைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாமிப்படம் அல்ல, கண்ணாடி போட்ட ஒரு புத்தக அலமாரி. அதற்குள் ஸ்பானிய அரசர்கள், கடற்படைத் தலைவர்கள், தளபதிகள், சர்வாதிகாரிகள் என்று ஒரு பட்டாளமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அத்தான் ஸ்பெயினில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. துப்பாக்கியைத் தொட்டதும் இல்லை. ஊரில் சண்டை தொடங்கிய கையோடு விமானம் ஏறியவர். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் ஓடி வந்தவள்தான். ஓடி வந்த மனிதர் மற்றவர்களுக்கு வீரத்தைப் பற்றி வகுப்பெடுப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

ஏன் ஸ்பெயின் என்று ஒருமுறை கேட்டேன். ஆங்கிலேயர், ஜெர்மனியர் கதைகள் எல்லோருக்கும் தெரியும், ஸ்பெயினைப் பற்றி நம்மவர்களில் எவருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். அவர் சொல்வது பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லாத நாடு அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனாலும் சரி, பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனாலும் சரி, கையில் கட்லட்டோடு நான்கு பேர் அகப்பட்டால் போதும், அத்தான் படை நடத்தத் தொடங்கிவிடுவார். தான் வந்த கப்பல்களையே உடைத்து மூழ்கடித்துவிட்டு ஆட்களைத் தங்கம் தேடக் காட்டுக்குள் ஓட்டிச் சென்றவன் ஒருவன். யூதரையும் முஸ்லிம்களையும் நாட்டை விட்டுத் துரத்திவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மார்தட்டிய அரச குடும்பம் ஒன்று. துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து கூரையில் சுட்டு, மந்திரிமாரைக் கதிரைக்கு அடியில் படுக்க வைத்த கர்னல் ஒருவன். அந்தக் கர்னலுக்கு அடுத்த நாளே விளையாட்டு முடிந்துவிட்டது என்பதை அத்தான் சொல்ல மாட்டார். துரத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் தேத்தண்ணீர் குடிப்பார்.

அவருக்கு மிகப் பிடித்த கதை, செத்த பிறகும் சண்டைக்குப் போன வீரனுடையது. ஹென்டர்சனில் ஒரு வீட்டில் அதை அவர் சொன்னதை நான் நேரே கேட்டேன்.

"ஆள் செத்துப் போனான். செய்தி வெளியிலை தெரிஞ்சால் கோட்டை போச்சு. அவன்ரை மனுசி என்ன செய்தவ தெரியுமோ? பிரேதத்துக்குக் கவசத்தை மாட்டி, குதிரையிலை இருத்திக் கட்டி, வாசலைத் திறந்து விட்டவ. எதிரி கண்டிட்டுப் பின்னங்கால் பிடரியிலை பட ஓடினான்."

பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரப் பையன் ஒருவர் நின்றார். "சார், அது நெஜமாவே நடந்துச்சா?" என்றார்.

"தம்பி, அதுதான் வரலாறு."

வரலாறாம். அந்த மனுசன் உயிரோடு இருந்தபோது பட்டது போதாது என்று செத்த பிறகும் கயிற்றால் கட்டித் துரத்தியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் புல்லரிக்க ஒரு தனி மனம் வேண்டும். அத்தானின் மகன் மட்டும் சோபாவில் இருந்தபடி "டாட், நோபடி கேர்ஸ்" என்றான். அத்தான் வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான்.

இனி என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணா வீரன் அல்ல. வீட்டுக் கூரையிலிருந்து பல்லி விழுந்தால் கதிரையில் ஏறி நிற்பார். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே மத்தியானம் முழுக்கப் பாயில் புரளுவார். அம்மா கடைக்குப் போகச் சொன்னால் வயிற்றுக்குத்து என்பார். ஒருநாள் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனார், வரவில்லை. யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதற்கு எங்கள் ஒழுங்கைச் சனத்திடம் இரண்டு கதைகள் இருந்தன, ஒன்றில் இராணுவம், மற்றதில் இயக்கம். இரண்டையும் நம்பி அம்மா இரண்டு பக்கமும் ஏறி இறங்கினா. அம்மா கண்ணை மூடும் வரைக்கும் பதில் வரவில்லை.

அண்ணாவின் படம் என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். நான் இங்கே வந்த புதிதில் அதைப் பெருப்பித்துத் தருகிறேன் என்று அத்தான் வாங்கிக் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். அங்கே சின்னப் படத்தைத் தொலைத்துவிட்டார்கள். பெருப்பித்த படம் மட்டும் வந்தது. அதில் அண்ணா கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். செத்தவர்களின் படத்துக்குக் கோட் மாட்டிவிடுவது நம்மவர்களின் வழக்கம். கல்வீட்டுக் கிழவரும் மீன்காரரும் மரண அறிவித்தலில் ஒரே கோட்டைத்தான் போட்டிருப்பார்கள். சேர்ட்டின் மேல் பொத்தானைக்கூடப் பூட்டாத அண்ணா ஒரு வங்கி மனேஜரைப் போல என்னைப் பார்த்தார். ஆனாலும் முகம் அண்ணாவின் முகம். இடது புருவத்தில் இருந்த வெட்டுக்காயம்கூட அப்படியே இருந்தது. நான் எறிந்த சிரட்டையால் வந்த காயம் அது.

அந்தப் படத்தை என்னிடம் தரச் சொல்லி நான் கேட்காத வருடம் இல்லை. அத்தான் தரவில்லை. அவர் நடத்தும் சங்கத்தில் வருடம் ஒருமுறை நினைவு நாள் நடக்கும். மண்டபத்தில் படங்களை வரிசையாக வைத்து மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். படங்கள் எல்லாம் அவருடைய கராஜில்தான் இருக்கும்.

"உங்கட ஏவன்டேல் வீடு வாடகை வீடு, பிள்ளை. ஒரே ஈரம். படம் பழுதாப் போயிடும். இஞ்சை பத்திரமா இருக்கும்" என்பார்.

முதல் வருடம் படத்தின் கீழே அமரர் என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் தியாகி. அதற்கடுத்தது வீரத் தியாகி. செத்த பிறகு அண்ணாவுக்கு இப்படி ஏறுவரிசையில் பதவி உயர்வு கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். என்னையும் என் கணவரையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அத்தான். அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை, சொல்லிக் காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டாவது காரணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு நாளில்தான் அண்ணாவின் முகத்தை நான் பார்ப்பேன். போனில் படம் எடுக்கப் பார்த்தால் கண்ணாடியில் மண்டபத்து வெளிச்சமும் என் முகமும்தான் விழும். அதனால் விளக்கேற்றுகிறேன் என்ற சாட்டில் முன்னுக்குப் போய் நிற்பேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக எந்தப் பொய்யையும் பொறுத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்வது ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். அங்கே என்னோடு துணி மடிப்பவள் ஒரு ஸ்பானியக்காரி. அறுபது வயது தாண்டியவள். யாரையோ கல்யாணம் செய்து இங்கே வந்து, அவனையும் விட்டுவிட்டு இருக்கிறாள். என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். அவளிடம் ஒருநாள் பகிடியாக அத்தானின் அலமாரியைப் பற்றிச் சொன்னேன். உங்கள் நாட்டைப் பல வருடம் ஆண்ட தளபதியின் படம்கூட அங்கே சட்டம் போட்டு இருக்கிறது என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்பைக் கீழே வைத்தாள். தொட்டியடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

அவள் அவன் பெயரைச் சொல்வதில்லை. குட்டையன் என்பாள். கீச்சுக் குரலாம் அவனுக்கு. மரண தண்டனைத் தாள்களில் கோப்பி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவானாம். அவளுடைய தாத்தா ஊர் ஊராகக் கடிதம் கொடுக்கிறவர். தளபதியின் ஆட்கள் வந்த முதல் கிழமையிலேயே அவரைத் தெருவோரத்தில் சுட்டுப் பள்ளத்தில் போட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். கடிதம் கொடுத்ததால்தான், வேறென்ன என்றாள்.

கதை அதோடு முடியவில்லை. சண்டையில் வென்ற பிறகு தளபதி கைதிகளை வைத்து ஒரு மலையைக் குடைந்தான். உள்ளே கோயில், மேலே ஊருக்கெல்லாம் தெரிகிற சிலுவை. தியாகிகளின் நினைவிடம் என்று பெயர். அதை நிரப்ப எலும்பு வேண்டும். நாடு முழுக்கப் பள்ளங்களைத் தோண்டி, குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவன் சுட்டுக் கொன்றவர்களின் எலும்புகளையும் பெட்டி பெட்டியாக அள்ளி உள்ளே அடுக்கினார்கள். தாத்தாவும் அதற்குள் போனார். கடைசியில் தளபதி கிழவனாகி, கட்டிலில் கிடந்து, வைத்தியர்கள் சூழச் செத்தபோது அவனையும் அதே இடத்தில், நடுவில், பூ வைத்துப் புதைத்தார்கள்.

"கொன்றவனுக்கு என் தாத்தா காவல் கிடந்தார். எங்கள் அம்மா எலும்பைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதி எழுதியே செத்துப்போனாள்" என்றாள்.

சில வருடங்களுக்கு முன் அந்தத் தளபதியை அங்கிருந்து கிளப்பி ஹெலிகொப்டரில் வேறு இடத்துக்குக் கொண்டு போனார்கள். அதை அவள் சலவை அறையில் நின்று போனில் பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை, கையும் தட்டவில்லை. "அவனுக்கு ஹெலிகொப்டர். என் தாத்தா இன்னும் பெட்டிக்குள்" என்று சொல்லிவிட்டு உலர்த்தியின் கதவைச் சாத்தினாள். அன்றைக்குத்தான் நான் அண்ணாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். இந்த நாட்டில் அவரைப் பற்றி, பல்லி, சிரட்டை எல்லாம் சேர்த்து, நான் முழுக்கச் சொன்னது அவளிடம் மட்டும்தான். அண்ணாவின் முகத்தை எனக்கும் ஒருநாள் காட்டு என்றாள்.

அதனால் இந்த வருடம் நினைவு நாளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமை பின்னேரம். மண்டப வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அவள் கறுத்தப் பாவாடை உடுத்து, ஏவன்டேல் சந்தையில் வாங்கிய வெள்ளைப் பூக்களோடு வந்திருந்தாள். அத்தான் மேடையில் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை படங்களை ஆடம்பரமாக மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்தே அண்ணாவின் படத்தைத் தேடினேன். கொஞ்சம் கிட்டப் போன பிறகு புருவக் காயத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கோட்டைக் காணவில்லை. அண்ணா இராணுவ உடுப்பில் இருந்தார். நெஞ்சு நிறையப் பதக்கம், குறுக்கே பட்டி, இடுப்பில் குஞ்சம். கீழே மாவீரத் தளபதி என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். பல்லிக்குப் பயந்த மனுசன்.

என் சிநேகிதி சிரிக்கவில்லை. பூவைக் கையில் பிடித்தபடி மேடைக்குக் கிட்டப் போனாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள்.

"முகம் உன் அண்ணா. கீழே இருப்பது அவன்."

எனக்கு விளங்கவில்லை.

"பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு மேலே சிலுவை. பக்கத்தில் அவன் படம். வருடக்கணக்காக அதற்குக் கீழேதான் படித்தேன். கணக்கு விளங்காத நேரமெல்லாம் அந்த நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பதக்கம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது அவன் நெஞ்சு."

நேரே அத்தானிடம் போனேன். சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் பக்கத்தில் நின்றார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

"அத்தான், அண்ணான்ரை படத்துக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை, சொல்ல மறந்திட்டன். கராஜிலை பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. கீழ்ப்பக்கம் முழுக்க அரிச்சிட்டுது. நல்ல காலம், முகம் தப்பிட்டுது. நான்தான் முகத்தை வெட்டி எடுத்து, ஒரு நல்ல உடுப்பிலை ஒட்டி, லமினேட் பண்ணினனான். எப்பிடி இருக்கு?"

"ஆரின்ரை உடுப்பு அது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்டிக்காரத்தனத்தில் முகம் மலர்ந்து போயிருந்தது.

"எங்கட இயக்க ஆக்களின்ரை உடுப்பைப் போட்டால் இஞ்சை பொலிஸ் விசாரணை அது இது எண்டு வருவாங்கள். பிள்ளையளின்ரை விசா, வேலை எல்லாத்தையும் யோசிக்க வேணுமெல்லோ. அதுதான் என்ரை ஸ்பெயின் புத்தகத்திலையிருந்து எடுத்தனான். பெரிய தளபதி. ஆருக்குத் தெரியப் போகுது?"

எவ்வளவு கவனமான மனிதர். பொலிஸுக்குப் பயந்து, விசாவுக்குப் பயந்து, நாலையும் யோசித்து, கடைசியில் ஒரு கொலைகாரனின் உடம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் அலமாரியில் இருக்கும் அத்தனை தளபதிகளும் சேர்ந்தாலும் இந்த மண்டபத்தில் நின்ற இவரளவுக்கு எனக்கு அருவருப்புத் தந்திருக்க மாட்டார்கள். அவர்களாவது நேரே வந்து பிடித்துக்கொண்டு போனவர்கள். இவர் மிச்சம் இருப்பதைப் பொறுக்கித் தன் மேடைக்கு ஏற்றுகிறவர்.

"அங்கை நிக்கிற அந்த மனுசிக்குத் தெரியும். அவவின்ரை தாத்தாவைக் கொன்றவன்ரை உடுப்பு அது" என்றேன்.

அத்தான் எட்டி அவளைப் பார்த்தார். ஒரு கணம் முகம் வெளிறியது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஸ்பானிஷ்காரியே? முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. அவவை விளக்கேத்த விட்டிருக்கலாம்."

நான் மேடையில் ஏறினேன். என் கணவர் பின்னால் வந்து கையைப் பிடித்தார். "இப்ப வேண்டாம், எல்லாரும் பாக்கினம். வீட்டை போய்க் கதைப்பம்" என்றார்.

"நீங்கள் வீட்டை போய்க் கதையுங்கோ" என்றேன்.

மாலையைக் கழற்றினேன். படத்தை இறக்கினேன். ஒலிவாங்கியில் அத்தான் சிறு தொழில்நுட்பத் தடங்கல், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக் குசினிக்குப் போனேன். என் சிநேகிதி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். வடைச் சட்டிகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்தாள். மேசை இலாச்சிகளை இழுத்துத் திறந்து பார்த்து ஒரு கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

சட்டத்தின் பின்பக்கத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் அண்ணாவை இத்தனை கிட்டத்தில் பார்த்துப் பல வருடங்கள். அத்தானுக்குக் கைவேலை வரும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒட்டுத் தெரியவில்லை. கழுத்து யாருடையது என்று விரலால் தடவிப் பார்த்தேன். பூஞ்சணம் கழுத்துவரை ஏறியிருக்கிறது. தாடையோடு அண்ணா முடிந்துபோனார். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அவன்.

கத்தரிக்கோலை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது உறைத்தது. அண்ணாவைக் கொண்டு போனவர்கள் அவரை என்ன செய்திருப்பார்கள் என்று இத்தனை வருடமும் நான் நினைத்ததில்லை. அந்த நினைப்பு வரும் இடத்தில் எழும்பிப் போய் ஒரு வேலை செய்வேன். துணி மடிப்பேன், சட்டி கழுவுவேன். இப்போது அண்ணாவின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அவரின் கழுத்தடியில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நானாக இருந்தேன். வாய்விட்டு அழுதேன்.

"நான் வெட்டட்டுமா?" என்று கேட்டாள் என் சிநேகிதி.

வேண்டாம் என்றேன். அவள் படத்தின் இரண்டு ஓரங்களையும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

நான் வெட்டினேன்.